மேலே வராத முதல் கியர்

தேவநாதனின் புல்லட்டில் கோளாறு எதுவும் இல்லை. அதைக் கண்டுபிடிக்க என் அக்காள் கணவருக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் பிடித்தது. அத்தனை நாளும் அவர் வண்டியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டுக்கொண்டிருந்தது அவருடைய வலது கால்.

அவர் பெயர் செம்பியன். எனக்கு மாமா. போன ஆவணியில் இறந்துபோனார். கடைசிக் காலத்தில் வந்து பார்த்தவர்கள் கட்டிலில் கிடந்த உடம்பைத்தான் பார்த்தார்கள். அதற்கு முன்னால் அவர் எப்படி இருந்தார் என்று யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

கடலூர் முதுநகரில் ஒரு தகரக் கொட்டகைதான் அவருடைய ஒர்க்‌ஷாப். போர்டு கிடையாது. புது வண்டிகளும் பார்ப்பார். பேசாமல் பார்த்து, சீக்கிரம் முடித்து அனுப்பிவிடுவார். பழைய புல்லட் வந்தால் மட்டும் வேறு ஆளாகிவிடுவார். எழுந்து வந்து வண்டியை ஒருதரம் சுற்றுவார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். பிறகு அன்றைக்கு வேறு யாருக்கும் அவரிடம் வேலை நடக்காது.

இப்போதைய வண்டிகளில் கியர் இடது காலுக்கு, பிரேக் வலது காலுக்கு. அந்தப் பழைய வண்டிகளில் நேர்மாறு. கியர் வலது காலில். முதல் கியருக்கு லிவரைக் கால் விரலால் மேலே தூக்க வேண்டும். மற்ற மூன்றுக்கும் கீழே மிதிக்க வேண்டும். வேகத்தைக் குறைத்து நான்கிலிருந்து மூன்று, மூன்றிலிருந்து இரண்டு என்று இறங்கி வரும்போதும் தூக்கத்தான் வேண்டும். வேகம் எடுக்க மிதிப்பது, அடங்கி வரத் தூக்குவது. ஓட்டிப் பழகாதவர்களுக்கு இது குழப்பம். மாமாவுக்குத் தரையில் நடக்கிற மாதிரி.

கியரைச் சோதிக்கும்போது வலது செருப்பைக் கழற்றி வண்டியின் பக்கப் பையில் போட்டுவிடுவார். வெறுங்காலால்தான் போடுவார். இரும்பைத் தூக்கித் தூக்கி அந்தக் கட்டைவிரலின் மேல்பக்கம் காய்த்துக் கறுத்திருக்கும். கல்யாணத்தன்று மணையில் உட்கார்ந்திருந்தபோது அக்காளின் தோழிகள் அந்த விரலைப் பார்த்து, மாப்பிள்ளை தலைகீழாக நடப்பாரா என்று கேட்டுச் சிரித்தார்கள். அவர் காலை வேட்டிக்குள் இழுத்துக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்தார்.

வேலையில் அவருக்கு இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று, வண்டிக்காரரிடம் என்ன கோளாறு என்று விசாரிக்க மாட்டார். அவர்களாகச் சொல்ல வந்தாலும் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். “ஓட்டறவன் சொல்றது அவன் காலு சொல்றது. வண்டி என்னா சொல்லுதுன்னு நான் கேக்கணும்” என்பார். இரண்டாவது, வேலை முடிந்த வண்டியைச் சிதம்பரம்வரை ஓட்டிக்கொண்டு வந்து திரும்பாமல் கொடுக்க மாட்டார். வேறு யாரையும் ஓட்டவும் விடமாட்டார். கியர் பெட்டி குளிர்ந்திருக்கும்போது பொய் சொல்லும், சூடேறினால்தான் உள்ளதைச் சொல்லும் என்பது அவர் கணக்கு.

என் வீடு சிதம்பரத்தில், கனகசபை நகரில். ஆகவே அவர் கையில் தேறிய ஒவ்வொரு வண்டியும் என் வாசலில் வந்து நின்றது. ஒரு டீ குடிப்பார். எஞ்சின் பக்கம் கையை வைத்துப் பார்ப்பார். “வர்றேன் மச்சான்” என்று கிளம்பிவிடுவார். அந்த டீ குடிக்கும் நேரத்தில்தான் இந்தக் கதையில் பாதியை நான் கேட்டேன்.

தேவநாதன் நெல்லிக்குப்பத்துக்காரர். கரும்பு போடுகிற குடும்பம். அவருடைய அப்பா ஓட்டிய புல்லட் அது. மூன்றாவது கியர் நிற்காமல் நழுவிக்கொண்டிருந்தது. ஐப்பசி பிறந்ததும் கொண்டுவந்து விட்டார். பெட்டிக்குள் கியரை நகர்த்துகிற ஃபோர்க் தேய்ந்து போயிருந்ததை மாமா இரண்டே நாளில் கண்டுபிடித்து மாற்றினார். வழக்கம்போல சிதம்பரத்துக்கு ஓட்டி வந்தார்.

அன்று டீயைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூணு நன்றாக நிற்கிறது என்றார். ஆனால் புதுச்சத்திரம் தாண்டியதிலிருந்து இறங்கும்போது தகராறு செய்கிறது. மிதித்தால் விழுகிறது. தூக்கினால் பாதியில் நின்றுவிடுகிறது. டீ குடித்து முடித்துத் திரும்பவும் போட்டுப் பார்த்தார். ஒழுங்காக விழுந்தது.

“பாத்தியா மச்சான்? ஆறினதும் நல்ல புள்ளையாட்டம் இருக்குது. சூட்டுலதான் ஆட்டம்.”

அது சரியான முடிவாகத்தான் அப்போது பட்டது. ஓடிக் களைத்தபோது வராதது, உட்கார்ந்து இளைப்பாறியதும் வந்தது. இளைப்பாறியது எது என்பதைத்தான் அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

கோளாறு தேடுவதில் அவர் அவசரப்படுகிறவர் அல்ல. வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும், பெட்டியைக் கடைசியில்தான் திறக்க வேண்டும் என்பார். முதலில் கிளட்ச் கேபிளைத் தளர்த்தி இறுக்கிப் பார்த்தார். பிறகு கிளட்ச் தட்டுகளைக் கழற்றி, வளைந்திருக்கின்றனவா என்று கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தார். லிவர் தன் தண்டில் வழுக்குகிறதா என்று சுண்ணாம்பால் கோடு போட்டுப் பார்த்தார். பக்க மூடியைத் திறந்தார். லிவரின் அசைவை உள்ளே தள்ளுகிற கொக்கி எவ்வளவு தூரம் போகலாம் என்று அளந்து நிறுத்தும் சின்னத் தகடு ஒன்று அங்கே உண்டு. அது இம்மி தள்ளி உட்கார்ந்துவிட்டால் ஒரு பக்கம் விழும், மறுபக்கம் விழாது. மேலே மட்டும் வராத கோளாறுக்கு ஊரில் எந்த மெக்கானிக்கும் அந்தத் தகட்டைத்தான் சொல்வான். மாமா அதை மயிரிழை நகர்த்தி இறுக்கினார். ஓட்டினார். நகர்த்தினார். ஓட்டினார்.

ஸ்டாண்டில் நிறுத்திக் கையால் தூக்கினால் ஒவ்வொரு தடவையும் விழுந்தது. அது அவரை இன்னும் கோபப்படுத்தியது. ஓட்டமும் பாரமும் சேர்ந்தால்தான் வருகிற கோளாறு என்று முடிவு செய்து பெட்டியைப் பிளந்தார். பல்லில் தேய்மானம் இல்லை. பேரிங் சுத்தமாக இருந்தது. திறந்து பார்த்து ஒன்றும் இல்லாமல் மூடிய முதல் பெட்டி அதுதான் என்று அக்காள் பிறகு சொன்னாள்.

அந்த நாட்களில் மழை விடாமல் பெய்தது. முதுநகரில் கொட்டகைக்கு முன்னால் தண்ணீர் கட்டி நின்றது. வீட்டில் வேறு சில காரியங்கள் நடந்துகொண்டிருந்தன. அவருடைய வலது செருப்பு நடக்கும்போது கழன்று கழன்று போயிற்று. வார் தளர்ந்துவிட்டது என்று புதுச் செருப்பு வாங்கினார். அதுவும் கழன்றது. அது சரியில்லை என்று வேறொன்று வாங்கினார். சிமெண்டுத் தரையில் அவர் நடந்து வந்தால் ஒரு கால் வைக்கிற சத்தமும் ஒரு கால் அறைகிற சத்தமும் கேட்கும். அடுப்படி நிலைப்படியில் இடறி விழுந்தார். அக்காள் எழிலரசி பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறாள். முந்நூறு பிள்ளைகளை அதட்டிப் பழகிய வாய். “வயசானவன் மாதிரி காலத் தேய்ச்சிக்கிட்டு நடக்கறீங்க. தூக்கி வச்சி நடந்தா என்னா?” என்று அதட்டினாள்.

தூக்கி வைக்கத்தான் செய்தார். முழங்காலிலிருந்து. அதை யாரும் கவனிக்கவில்லை.

கெண்டைக்கால் சதை துடிக்கவும் ஆரம்பித்திருந்தது. படுத்திருக்கும்போது தோலுக்கு அடியில் புழு ஓடுவதுபோல அது தானாக அசைந்தது. அவர் அக்காளைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆம்பளைக்கு வலப்பக்கம் துடித்தால் நல்லது என்று அக்காள் சொன்னாள். அவளுக்கு அப்போது ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. மகள் இலக்கியாவுக்கு வேலை உத்தரவு வர வேண்டியிருந்தது. அது அந்த மாதமே வந்தும்விட்டது. அப்பாவின் கால் சொன்னது பலித்தது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அவர் வேட்டியை விலக்கி, துடிக்கும் சதையை மகளிடம் காட்டினார். அவள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கார்த்திகையில் காடாம்புலியூரிலிருந்து சுப்பராயலு என்ற முந்திரி வியாபாரியின் புல்லட் வந்தது. அதுவும் வலது பக்கக் கியர். வந்தது கிளட்ச் வேலைக்கு. முடித்து ஓட்டினால், அதிலும் தூக்கினால் வரவில்லை.

இரண்டு வண்டிகளில் ஒரே கோளாறு என்றதும் மாமா தெளிந்துவிட்டதுபோல இருந்தார். இரண்டுக்கும் ஒரே கட்டிலிருந்து எடுத்த ஸ்பிரிங்கைப் போட்டிருந்தார். ஸ்பிரிங்தான் குற்றவாளி என்று சென்னைக்கு ரயிலேறிப் புதுப்பேட்டையில் நாள் முழுக்க அலைந்து, பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய ஸ்பிரிங்குகளை ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்தார். மாற்றினார். ஒன்றும் மாறவில்லை. இடது பக்கம் கியர் உள்ள வண்டிகள் மட்டும் அவர் கையில் எப்போதும்போல ஓடின. பழைய வண்டிகள்தான் தன்னோடு விளையாடுகின்றன என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

ஒருநாள் சட்டை முழுக்க நனைந்து என் வீட்டுக்கு வந்தார். அன்று மழை இல்லை. வெள்ளாற்றுப் பாலத்தில் முன்னால் போன பஸ் திடீரென்று நிதானித்திருக்கிறது. நான்காவது கியரிலிருந்து இறங்கத் தூக்கியிருக்கிறார், லிவர் அசையவில்லை. பிரேக்கை அழுத்த, வண்டி உதறிப் பாலத்தின் நடுவில் அணைந்துவிட்டது. பின்னால் ஜல்லி ஏற்றிய லாரி ஹாரனை நிறுத்தாமலே வந்து, கண்ணாடியைத் தட்டிக்கொண்டு போயிருக்கிறது. நியூட்ரலுக்கு வராத வண்டியைக் கிளட்சைப் பிடித்தபடியே பாலத்தின் கடைசிவரை தள்ளிக்கொண்டு வந்தார்.

“இது என்னக் கொல்லாம விடாது போலருக்கு மச்சான்” என்றார்.

அதைப் பயத்தோடு சொல்லவில்லை. தனக்குச் சமமான எதிரி கிடைத்துவிட்ட ஆளைப்போலச் சொன்னார். டீயை வைத்துவிட்டு வண்டி அருகே குந்தி, மூடியில் காதை வைத்துக் கேட்டார். அவர் எழுந்திருக்கும்போது சீட்டைப் பிடித்து எழுந்ததை நான் பார்த்தேன். வெயிலில் வந்த களைப்பு என்று நினைத்தேன்.

தேவநாதனுக்கு மாட்டுப் பொங்கலன்று அந்த வண்டியில் ஊருக்குள் வர வேண்டும். அவருடைய அப்பா அப்படித்தான் வருவாராம். வாரம் ஒருமுறை முதுநகருக்கு வந்து நின்றார். கோபப்படுகிற ஆள் இல்லை, கிண்டல்தான். எங்க வண்டி இங்கயே குடியிருக்குது, உங்க ரேஷன் கார்டுலயே பேரைச் சேத்துடுங்கண்ணே என்பார். மார்கழியில் நிலைமை மோசமாகியிருந்தது. காலையில் கொட்டகையிலிருந்து கிளம்பும்போதே முதல் கியர் வர மறுத்தது. சூட்டில் மட்டும் வருகிற கோளாறு குளிரிலும் வந்துவிட்டது. அவருடைய கணக்கு அங்கே உடைந்தது. தாடியை மழிப்பதை விட்டுவிட்டார். சாப்பிடும்போது தட்டுக்கு அடியில் விரலால் எதையோ தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அக்காள் சொன்னாள்.

போகிக்கு முந்தின நாள், மாமா சுப்பராயலுவிடம் தவணை கேட்கக் காடாம்புலியூர் போயிருந்த நேரத்தில், தேவநாதன் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் காலத்து வண்டிக்கு எந்தச் சாவியும் பொருந்தும். சிதம்பரம் வரை ஓட்டிக்கொண்டு போய், பொழுது சாயத் திரும்பி வந்தார். மாமா கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“வெண்ண மாதிரி போவுதுண்ணே. இதுல என்னா தேடிக்கிட்டிருக்கீங்க?”

மாமா அவரைக் கண்டபடி திட்டினார் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொன்னார்கள். கியர் விழாததை விழுந்ததாகச் சொல்கிறாய், முரட்டுத்தனமாய்த் தூக்கி உள்ளே எதையாவது உடைத்திருப்பாய் என்றாராம். தேவநாதன் சிரித்தபடி, பின்னால் உட்கார்ந்து வந்து நீங்களே பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

மறுநாள் காலை என் வாசலில் வண்டி நின்ற சத்தம் கேட்டு வெளியே வந்தேன். தேவநாதன் முன்னால் இருந்தார். மாமா பின்னால். வேறொருவர் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து வருகிற மாமாவை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வழியில் பத்து இருபது இடங்களில் நிறுத்தச் சொல்லி, இறங்கச் சொல்லி, மறுபடி கிளப்பச் சொல்லியிருக்கிறார். பி.முட்லூரில் சாலை வேலை நடக்கிற குண்டுகுழியில் வேண்டுமென்றே இறக்கச் சொல்லியிருக்கிறார். ஒரு தடவைகூடத் தவறவில்லை. தேவநாதன் முகத்தில் சிரிப்பு இருந்தது. மாமாவின் முகத்தைப் பார்த்ததும் நான் வாங்க என்று சொல்ல மறந்தேன்.

அவர் இறங்கி, வண்டியை வாங்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். உதைத்துக் கிளப்பினார். காலை லிவருக்கு அடியில் கொடுத்தார். அவருடைய முழங்கால் உயர்ந்தது. தொடை உயர்ந்தது. பாதம் மட்டும் லிவரின் அடியிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்தது. மறுபடியும் கொடுத்தார். மறுபடியும் உருவிக்கொண்டது. எஞ்சினை அணைத்தார்.

வாசற்படியில் வந்து உட்கார்ந்து இரண்டு கால்களையும் நேராக நீட்டினார்.

“தேவநாதா, இப்படி வந்து உக்காரு. குதிகால் தரையில இருக்கட்டும். விரல மட்டும் தூக்கு.”

தேவநாதன் விளையாட்டு என்று நினைத்து உட்கார்ந்து தூக்கினார். இரண்டு பாதங்களும் விசிறிபோல எழுந்தன. மாமா தூக்கினார். இடது பாதம் எழுந்தது. வலது பாதத்தில் சுண்டுவிரல் லேசாக அசைந்தது. அவ்வளவுதான். அவர் குனிந்து அந்தப் பாதத்தைக் கையால் பிடித்து மேலே தள்ளினார். தடையில்லாமல் வந்தது. கையை எடுத்தார். கீழே விழுந்தது. இன்னொரு தடவை தள்ளினார், எடுத்தார். ஒரு புது வண்டியைப் பார்ப்பதுபோல, பேசாமல், முறைப்படி பார்த்தார். வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் சொன்னவர். எல்லாவற்றுக்கும் வெளியே இருந்த ஒன்றை அப்போதுதான் வந்து அடைந்திருந்தார்.

“பெட்டி நல்லாத்தான் இருக்கு” என்றார். “கேபிள் அறுந்திருக்கு மச்சான்.”

தேவநாதன் எழுந்து நின்றுவிட்டார். சுளுக்காக இருக்கும், எண்ணெய் தேய்த்து உருவினால் போய்விடும் என்று தடுமாறிச் சொன்னார். மாமா அவரை நிமிர்ந்து பார்த்து, வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம், பொங்கலுக்கு ஓட்டலாம் என்றார். தேவநாதன் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு மாமாவைப் பஸ்ஸில் கடலூருக்கு அழைத்துக்கொண்டு போனார். பஸ் படியேறும்போது மாமா தன் வலது காலைக் கையால் பிடித்துத் தூக்கி வைத்தார். வண்டி மூன்று வாரம் என் வாசலில் நின்றது.

எலும்பு டாக்டர் முதுகைப் படம் எடுத்தார். முதுகில் ஒன்றுமில்லை. சர்க்கரை இல்லை. புதுச்சேரியில் ஒரு நரம்பு டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார்கள். நான்தான் கூடப் போனேன். சின்ன வயதுப் பெண் டாக்டர். தன் உள்ளங்கையை மாமாவின் பாதத்தில் வைத்து, அழுத்துங்கள் என்றார். மாமா அழுத்தினார். டாக்டரின் கை பின்னால் போயிற்று.

“நல்ல பலம் இருக்கு. இப்ப மேல தூக்குங்க.”

“மேல வராதும்மா. கீழ மூணும் விழும்.”

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை.

பிறகு சதைக்குள் ஊசி குத்திச் சோதித்தார்கள். ஊசியிலிருந்து ஒயர் ஒரு பெட்டிக்குப் போயிற்று. சதைக்குள் நடப்பது அந்தப் பெட்டியில் சத்தமாகக் கேட்கும். கெண்டைக்காலில் குத்தியதும் தகரத்தின்மேல் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. சும்மா இருக்கிற சதையிலிருந்து சத்தம் வரக்கூடாது என்று டாக்டர் உதவியாளரிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். மாமா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்து இடது காலில் குத்தினார்கள். அங்கேயும் அந்தத் தூறல் கேட்டது, சற்று மெதுவாக. கையில் குத்தினார்கள். டாக்டர் எதுவும் சொல்லுமுன் மாமா கண்களை மூடிக்கொண்டார். என்னைவிட முன்னால், அநேகமாக டாக்டர் வாய் திறப்பதற்கும் முன்னால், அவருக்குத் தெரிந்துவிட்டது.

சதையை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன, நிறுத்த மருந்து இல்லை, வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். நல்ல பெண். சுற்றி வளைக்கவில்லை. மாமா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“தொறந்து பாக்க முடியாதா?”

“இது தொறந்து சரி பண்ற எடம் இல்லீங்க.”

மாமா தலையசைத்தார். அதே தொழிலில் இருக்கிற இன்னொருவர் சொன்னதை ஒப்புக்கொள்கிற மாதிரி இருந்தது அது.

அதற்குப் பிறகு அவர் வண்டி ஓட்டவில்லை. தேவநாதனுடையதையும் சுப்பராயலுவினுடையதையும் ஒப்படைத்துவிட்டு, வருகிற வண்டிகளுக்கு உட்கார்ந்தபடி செய்யக்கூடிய வேலைகளை மட்டும் செய்தார். ஓட்டுகிறவர்களிடம், உங்க காலுக்கு எப்படி இருக்குது என்று விசாரிக்கத் தொடங்கினார். அவர்கள் சொல்வதை முழுக்கக் கேட்டார்.

தினமும் காலையில் எழுந்ததும் கட்டிலிலேயே மல்லாந்து படுத்து இடது பாதத்தைத் தூக்குவார், இறக்குவார். காலை முதல் வேலை அதுதான். தூக்கிவிட்டால் வீடு மூச்சு விடும். அக்காள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். அவர் சரி என்று தலையசைப்பார். மருந்து தின்றுகொண்டிருந்தார். வைகாசி முழுவதும் அந்தத் தலையசைப்பு வந்தது. ஆனியிலும் வந்தது.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தேன். அக்காள் காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் பின்னால் போனேன். அவர் தலையணையில் கழுத்தை உயர்த்தி இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். குதிகால் படுக்கையில் இருந்தது. பாதம் சாய்ந்து கிடந்தது.

“எழிலு, இதுவும் மேல வரல” என்றார்.

அக்காள் டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டுக் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். முகம் மாறாமல், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் சொல்கிற குரலில், இன்னொரு வாட்டி பாருங்க என்றாள். அவர் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. பாதம் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

“இன்னொரு வாட்டி” என்றாள்.